மஞ்சள் கறை என்றால் பல்லி

கல்யாணப் பத்திரிகையைக் குப்பையில் போட யாருக்கும் மனசு வராது. மூலையில் மஞ்சள் தடவியிருக்கும், முகப்பில் பிள்ளையார் இருப்பார். அதனால் எல்லார் வீட்டிலும் ஏதோ ஒரு பையில் சேர்ந்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் அந்தப் பை தையல் மிஷினுக்கு மேலே ஆணியில் தொங்கியது. திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்கு எதிர்ப்பக்கம், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் என் கடை. உள்ளூர்ப் பெண்களுக்கு ஜாக்கெட், வெளிநாட்டுக்காரர்களுக்கு வெள்ளை ஜிப்பா, பைஜாமா. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கால் இரண்டு வரும்படியும் ஒரே நேரத்தில் நின்றது. பௌர்ணமிக் கிரிவலத்துக்கே தடை போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடங்களும் மூடின. என் சின்னவன் அந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் உட்கார வேண்டியவன். தமிழ்நாட்டில் அவன் வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பறை திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அதற்குள் பையிலிருந்த பத்திரிகையெல்லாம் அவனுக்குப் படிக்கச் சொல்லித்தரும் அட்டையாகியிருந்தது.

பத்திரிகையின் பின்பக்கம் சொரசொரப்பான ரகமாக இருந்தால் ஸ்கெட்ச் பேனா நன்றாகப் பிடிக்கும். பளபளப்பான ரகத்தில் இழுவிவிடும், அதற்கு மார்க்கர் வேண்டும். எண்களுக்குத் தேதி காலண்டரில் கிழித்த தாளே போதும், அவ்வளவு பெரிதாக நான் எழுதிவிட முடியாது. துணி வெட்டும் கத்தரியைக் காகிதத்தின்மேல் வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம், கூர் போய்விடும். நூல் வெட்டக்கூட ஆகாமல் கிடந்த ஒரு பழைய கத்தரியை இதற்கென்று ஒதுக்கினேன்.

இந்த ஊரில் வெற்றுக் காகிதத்தைச் சேர்த்துவைப்பதற்குப் பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. பகவான் ரமணர் தபாலில் வரும் தாள்களில் எழுதாத இடத்தை வெட்டியெடுத்து, சேர்த்துத் தைத்து, சின்ன நோட்டாக்கிக்கொள்வாராம். பத்திரிகையில் குத்தியிருக்கும் குண்டூசியைக்கூட உருவிப் பத்திரப்படுத்துவாராம். ஆசிரமத்திலிருந்து சூரி நாகம்மா எழுதிய கடிதங்களில் இதெல்லாம் வருகிறது. என்னுடையது சிக்கனம் இல்லை, கையில் காசில்லை, அவ்வளவுதான். ஆனாலும் அதைப் படித்த பிறகு என் அட்டைகளின்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை கூடிவிட்டது.

அட்டையில் எழுத வார்த்தைக்கு எங்கேயும் போகவில்லை. ஆசிரமத்துக்குள் பசு லட்சுமி, மான் வள்ளி, நாய் ஜாக்கி, ஒரு காகம் ஆகியவற்றின் சமாதிகள் இருக்கின்றன. பசு, மான், நாய், காகம் என்று நான்கு அட்டை அங்கேயே கிடைத்தது. சுவர்மேல் உட்கார்ந்து கத்தும் மயில், தேங்காய் மூடிக்காகக் கையை நீட்டும் குரங்கு, எங்கள் டியூப் லைட்டுக்குப் பின்னால் குடியிருக்கும் பல்லி. மேலே படம், கீழே வார்த்தை. நான் சுமாராகப் படம் போடுவேன், ஜாக்கெட்டுக்குக் கழுத்து டிசைன் வரைந்து பழகிய கை. சின்னவனும், பூக்கட்டும் அக்காவின் மகளும், பக்கத்து வீட்டு இரட்டைப் பிள்ளைகளும் கடை வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள். நான் அட்டையைத் தூக்கிக் காட்டுவேன், அவர்கள் கத்துவார்கள். சீக்கிரமே எல்லா அட்டையும் வந்துவிட்டது. அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். இங்கிலீஷ் மீடியத்தில் பிள்ளைகளைச் சேர்த்திருந்த நாத்தனார் பார்த்துவிட்டாளா என்று அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டும் இருந்தேன். பிள்ளை படிக்க வேண்டும் என்ற ஆசையில் எத்தனை பங்கு பிள்ளைக்கு, எத்தனை பங்கு நாத்தனாருக்கு என்று இப்போது யோசித்தாலும் கணக்கு எனக்குச் சாதகமாக வராது.

ஒரு நாள் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே அட்டையைத் தூக்கினேன். சின்னவன் “மாடு” என்றான். குனிந்து பார்த்தால் என் பக்கம்தான் படமும் எழுத்தும் இருக்கின்றன. அவன் பார்த்துச் சொன்னது பின்பக்கத்தை. அங்கே தங்கக் கலரில் பிள்ளையார், கீழே யாரோ ஒரு மாப்பிள்ளையின் பெயரில் பாதி. அந்த அட்டையை எந்தப் பத்திரிகையிலிருந்து வெட்டினேன் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

அதன் பிறகு வேலை தைப்பதா, வேவு பார்ப்பதா என்று ஆகிவிட்டது. படத்தைக் கையால் மறைத்தேன், பாதி வார்த்தை போயிற்று. மீதியை எப்படிச் சொல்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பூக்கார அக்கா மகள் ஒளிக்காமல் சொன்னாள்: “இதுல மஞ்சா கற கீது இல்ல, அதான் பல்லி.” ஓரம் கிழிந்திருந்தால் அது மயில். என் காபி டம்ளர் வட்டம் பதிந்திருந்தது மான். இரட்டையரில் ஒருவன் வரிசையை வைத்தே ஓட்டியிருக்கிறான், நாய்க்கு அடுத்தது காகம். உயிரெழுத்திலும் அதே கதைதான். அ, ஆ என்று ராகமாகப் பாடிக்கொண்டு வருவார்கள். நடுவில் விரலை வைத்து இது என்ன என்றால், திரும்ப அ-விலிருந்து பாடிக்கொண்டு வந்தால்தான் ‘எ’ வரும்.

எங்கள் தெருவில் ஜிப்பா தைக்க வருகிறவர்களில் யார் என்ன படித்தவர் என்று சொல்லவே முடியாது. ஊரடங்கில் விமானம் இல்லாமல் இங்கேயே தங்கிப்போன ஒரு பெண்மணி, தன் நாட்டில் சிறு பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றிப் பாடம் எடுத்தவராம். பல்லி விஷயத்தைச் சொன்னதும் சத்தம் போட்டுச் சிரித்தார். பிலிப் கஃப் என்ற அமெரிக்க உளவியலாளர் வேறு இரண்டு பேரோடு சேர்ந்து 1992-இல் இதையே சோதனையாக எழுதியிருக்கிறாராம். நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நான்கு வார்த்தை அட்டைகள். ஒன்றில் மட்டும் மூலையில் கட்டைவிரல் அழுக்கு. அந்த அட்டையைப் பிள்ளைகள் மற்றதைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். பிறகு அதே வார்த்தையை அழுக்கில்லாத அட்டையில் காட்டினால் பாதிக்கும் மேற்பட்டவர்களால் சொல்ல முடியவில்லை. வார்த்தையே இல்லாமல் அழுக்கை மட்டும் காட்டினால், ஏறக்குறைய எல்லோரும் வார்த்தையைச் சொன்னார்கள். எழுத்துக்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளும் கடக்கிற ஒரு கட்டம் இது, ஊட்டா ஃப்ரித் என்ற ஆய்வாளர் 1985-லேயே இதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார் என்றார். எனக்குப் பெயர் முக்கியமாகப் படவில்லை. என் பிள்ளைகள் ஏமாற்றவில்லை என்பதுதான் ஆறுதலாக இருந்தது. கறை கண்ணில் படுகிறது, எழுத்து படவில்லை. அவ்வளவு அழுக்கையும் போட்டுக் கொடுத்தவள் நான்.

அன்றைக்கு ராத்திரி என் அம்மாவைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் இதை நான் சொன்னதும் இல்லை. யாராவது ஒரு சீட்டை நீட்டி “பாட்டி, இது எந்த அட்ரஸ்?” என்றால், “கண்ணாடி போட்டுக்கலை” என்று அவளுக்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். ஆனால் அம்மா தடுமாறி யாரும் பார்த்ததில்லை. பஸ் நிலையத்தில் எந்த மூலையில் நிற்கிற வண்டி எங்கே போகும் என்று தெரியும். ரேஷன் கடை, மின்சாரம், தண்ணீர் வரி என்று எந்தக் காகிதத்தைக் கேட்டாலும் டிரங்குப் பெட்டியிலிருந்து சரியாக எடுத்துக் கொடுப்பாள். பிரஷர் மாத்திரை ரோஸ் பட்டை, சுகர் மாத்திரை பச்சைக் கோடு போட்ட பட்டை. ஒரு தடவை மருந்துக்கடையில் அதே மருந்தை வேறு கம்பெனியில் கொடுத்துவிட்டார்கள், வெள்ளைப் பட்டை. “இது நம்மளுது இல்ல” என்று அம்மா அதைத் தொடாமலே வைத்திருந்தாள். கிணற்றடியில் தலை சுற்றி உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கறையைப் பார்த்துப் படிப்பதில் அறுபது வருஷம் தேர்ந்தவள் என் வீட்டிலேயே இருந்திருக்கிறாள். அதில் எவ்வளவு தூரம் போகலாம், எந்த இடத்தில் தரை நழுவும் என்று இரண்டையும் அவள் காட்டியிருந்தாள். நான் அதைப் படிப்போடு சேர்த்து யோசித்ததில்லை.

அதனாலேயே பத்திரிகை அட்டைகளைக் குப்புறப் போட்டு ஜோடி எடுக்கும் ஆட்டத்தில் அம்மாவை யாராலும் ஜெயிக்க முடியாது. பின்பக்கத்துப் பிள்ளையாரையும் நாதஸ்வரத்தையும் வைத்தே அள்ளிக்கொண்டு போய்விடுவாள். பிள்ளைகள் அழுவார்கள், அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

புதிதாக அட்டை செய்ய வேண்டும் என்று சொன்னதும் வழி காட்டியது மூத்தவள். அவள் அரசுப் பள்ளியில் செயல்வழிக் கற்றல் நடந்த காலத்தில் படித்தவள். ஆந்திராவில் ரிஷி வேலி பள்ளியின் அட்டை முறையைப் பார்த்து, சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003-இல் மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிவைத்தது, 2007-08-இல் மாநிலம் முழுக்க வந்தது. சுவரில் ஏணிப்படி அட்டவணை, அதில் பூனை, முயல் என்று சின்னங்கள். பிள்ளை தன் படி எதுவென்று பார்த்து, தானே போய்த் தட்டிலிருந்து அட்டையை எடுத்து, பாயில் உட்கார்ந்து செய்து முடித்து, திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும். “அம்மா, எங்க மிஸ் அட்டையத் தூக்கிக் காட்டினதே இல்லை, நாங்கதான் எடுப்போம். நீ கையிலயே குடுக்க மாட்டேங்கிறியே, அழுக்காயிடும்னு” என்றாள் அவள். அட்டை அழுக்காகிவிடும் என்பது உண்மையிலேயே என் கவலைதான். நான் உட்கார்ந்து வரைந்த மயில்!

பத்திரிகையை விட்டுவிட்டுக் கேன்வாஸுக்கு வந்தேன். காலருக்கும் ஜாக்கெட் கழுத்துக்கும் உள்ளே வைக்கிற விறைப்புத் துணி, மீந்த துண்டு எப்போதும் இருக்கும். எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை, ஓரம் ஒரே நூலில் அடித்தது. கறை பட்டால் துவைத்துவிடலாம். ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு அட்டை. படம் தனி அட்டை, வார்த்தை தனி அட்டை. வார்த்தையைப் படித்துவிட்டு, போய் அதற்குரிய படத்தைத் தேடி எடுத்து வர வேண்டும். சிலவற்றில் எழுத்தைப் பேனாவால் எழுதாமல் கெட்டி நூலை இரட்டையாகப் போட்டு மிஷினில் தைத்தேன். மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் தன் முதல் பள்ளியைத் தொடங்கியவர், உப்புத்தாளில் எழுத்து வெட்டிப் பிள்ளைகளை விரலால் தடவவிட்டவர். 1939-இல் அவர் அடையாறுக்கே வந்து பாடம் நடத்தியிருக்கிறார். நெல்லைப் பரப்பி விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைக்கிற நம் பழக்கமும் இதுதானே. என் ‘ழ’ மேல் விரலை ஓட்டினால் எங்கே தொடங்கி எங்கே சுழிக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே தெரியும். எங்கள் பக்கத்து நாக்கில் ‘ழ’ நிற்காது, விரலிலாவது நிற்கட்டும்.

புது வார்த்தைகளையும் சேர்த்தேன். மயில், குரங்கு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தால் முதல் எழுத்தைப் பார்த்தே ஒப்பேற்றிவிடுகிறார்கள். பல், பால், பல்லி, பள்ளி, பாட்டி என்று எடுத்துவைத்தேன். தப்பிக்க வழியில்லை, கால் இருக்கிறதா, புள்ளி எங்கே, ‘ல’வா ‘ள’வா என்று உற்றுப் பார்த்தே ஆக வேண்டும். முதல் நாள் இரட்டையரில் பெரியவன் பள்ளி என்ற வார்த்தைக்குப் பல்லிப் படத்தைக் கொண்டுவந்தான். பள்ளிக்கூடமே மூடியிருந்த காலம், அவனை நான் திட்டவில்லை. ஆனால் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கறையைத் தேடுகிறான். இல்லையென்றதும் எழுத்துக்கு வந்தான். அந்த இரண்டு மூன்று நொடி அவன் கண் எங்கே நின்றது என்று நான் பார்த்தேன், ‘ள்’ மேல் நின்றது.

உயிர்மெய்க்குத்தான் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டேன். 216 எழுத்தையும் தனித்தனியாகச் செய்தால் பிள்ளைக்கும் பைத்தியம் பிடிக்கும். ஜாக்கெட்டில் உடம்பைத் தனியாக வெட்டிக் கையைத் தனியாக வெட்டி இணைக்கிறோம் அல்லவா, அப்படி க, ப, ம எல்லாம் ஓர் அட்டை, கால், கொம்பு எல்லாம் குட்டி அட்டை என்று வைத்துப் பார்த்தேன். கால் சுலபம். கொம்பில் சிக்கல். ‘கெ’ என்பதில் சத்தம் பின்னால் வருகிறது, கொம்பு முன்னால் நிற்கிறது. எல்லாப் பிள்ளைகளும் கொம்பைக் கொண்டுபோய் ‘க’வுக்குப் பின்னால்தான் வைத்தார்கள், காது சொன்னபடி வைத்தார்கள், அதில் தப்பே இல்லை. ‘கொ’ இன்னும் மோசம், இரண்டு பக்கமும் பிடிக்கிறது. இதை விளக்கிப் பயனில்லை, கை பழக வேண்டும். குட்டி அட்டையைக் கையில் கொடுத்தபின் அது பழகிவிட்டது. உகரம், ஊகாரம் மட்டும் எந்த வழிக்கும் வரவில்லை. கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி. பிரித்து வெட்ட ஒரு சின்னமே கிடையாது. அந்த 36 எழுத்தையும் முழுசாகவே செய்தேன். இந்த வரிசைகளைச் சீராக்க வேண்டும் என்று அறிஞர் வா.செ. குழந்தைசாமி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. அவர் பக்கம் ஓட்டுப் போட என்னையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நடந்த சீர்திருத்தம் ஒன்று எங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. பெரியார் 1935-லிருந்து தன் குடிஅரசு இதழில் கையாண்ட எழுத்துகளை 1978-இல் அரசு ஆணையாக ஏற்றார்கள். மாறியவை 13 எழுத்து. அதில் இரண்டு, ‘ணா’வும் ‘லை’யும், திருவண்ணாமலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. அருணாசலத்திலும் ரமணாசிரமத்திலும் ‘ணா’ உண்டு. தடை நீங்கி ஒரு நாள் சாயங்காலம் பிள்ளைகளைக் கிரிவலப் பாதையில் கொஞ்ச தூரம் கூட்டிப்போனேன். அக்னி, எம என்று லிங்கங்களின் பெயர்ப் பலகையைக் கூட்டிக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தார்கள். ‘எம’வில் காலும் இல்லை கொம்பும் இல்லை, பூக்கார அக்கா மகள் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, யார் பெயர் என்று தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு பழைய மடத்து முகப்பில் தும்பிக்கை வைத்த ‘லை’யைப் பார்த்துச் சின்னவன் நின்றான். “இன்னாம்மா இது, யானையா?” அவனிடம் பெரியார் வரை போகவில்லை, பாட்டி காலத்து எழுத்து என்று மட்டும் சொன்னேன். பாட்டிக்கு எந்தக் காலத்து எழுத்தும் தெரியாது என்பது அவனுக்கும் தெரியும், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பாட்டி புது அட்டைகளில் தோற்றாள். எல்லாம் ஒரே வெள்ளை, பின்பக்கத்தில் பிள்ளையாரும் இல்லை. “என்னடி இது, ஆட்டமா?” என்று எழுந்துபோய்விட்டாள். பின்னால் அவளே வந்து, மாத்திரை டப்பாவில் ஒட்டுவதற்குக் காலை, இரவு என்று இரண்டு அட்டை கேட்டாள். ‘லை’யின் இரட்டைச் சுழியை விரலால் தடவி அடையாளம் வைத்துக்கொண்டாள். அந்த இரண்டு வார்த்தையோடு போதும் என்றுவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் இப்போதெல்லாம் யாராவது சீட்டை நீட்டினால், கண்ணாடியைப் பற்றி நான் பேசுவதில்லை. அம்மாவே “எனக்குப் படிக்கத் தெரியாது, அவகிட்டக் குடு” என்கிறாள்.

பள்ளி திறந்த சமயத்தில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது. எங்கள் தெருவுக்குத் தன்னார்வலராக வந்த பெண் என் அட்டைகளை ஆசையாக வாங்கிப் பார்த்தாள். குரங்கு என்ற வார்த்தை அட்டையைச் சின்னவன் முன்னால் வைத்தாள். அவன் விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி, உதட்டை அசைத்து, கடைசியில் “கொரங்கு” என்றான். அவள் “குரங்கு” என்று திருத்தினாள். அவன் மறுபடி முதல் எழுத்திலிருந்து விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் உறுதியாக “கொரங்கு” என்றான். காகம் வைத்தால் காக்கா என்று சொல்வான் என்று நான் பயந்தேன், அதைக் காகம் என்றே படித்தான். ஆக, படத்தை நினைத்து அவன் சொல்லவில்லை, எழுத்தைத்தான் பார்க்கிறான். நான்கு எழுத்தையும் சரியாகக் கூட்டி, கிடைத்த வார்த்தையைத் தன் வாயில் இருக்கிற வார்த்தையாகச் சொல்கிறான். எனக்கு அது நூற்றுக்கு நூறு. அவளுக்கு இல்லை. “அக்கா, நாளைக்கு வகுப்புல வாய்விட்டு வாசிக்கச் சொன்னா?” என்றாள். அதுவும் நியாயம்தான். விளக்கு என்று எழுதி வெளக்கு என்று, இலை என்று எழுதி எல என்று, நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம். முதலில் எழுத்தில் இருக்கிறபடி ஒரு தடவை, பிறகு நம் பேச்சில் ஒரு தடவை என்று இரண்டு பேரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கு இந்த உடன்பாட்டில் அக்கறை இல்லை.

“குரங்கோ கொரங்கோ, அந்தத் தேங்கா மூடிய எடுத்து உள்ள வை முதல்ல. மதில் மேல வந்து குந்திகினு கீது பாரு.”